மின்கலத்தைச் சோதித்தறிவோம்



ஈப்போ மாநகரின் ஓர் அங்கமாகிய புந்தோங், கச்சாங் பூத்தே எனப்படும் கடலை, முறுக்கு வகைகளுக்குப் பெயர் பெற்ற இடம் என்பதைப் பேராக் வாசிகள் யாவரும் அறிவர். தமிழர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வரும் ஊர் அது. ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீட்டு மனைகளுக்கும் மாறிய காலத்தில், தோட்டத்தை விட்டு வந்து அங்குக் குடியேறியோரும் உண்டு.

அண்மையில் அலுவல் நிமித்தம் புந்தோங் சென்றிருந்தபோது, பால்மரம் சீவி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் இல்லத்தில் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். கொல்லைப்புறச் சுவரின் மேல் மூன்று சிறிய மின்கலங்கள் வெயிலில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. காரணம் கேட்டேன்.

அவருடைய மகன் சிறு தோட்டமொன்றில் இன்றும் பால்மரம் சீவி வருகிறார். முதல் நாள் விடியற்காலையில், மூன்றாவது நிரையில் நின்று மரம் வெட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய நெற்றி விளக்கு மங்கி அணைந்துவிட்டது. வழியறியாது எடுத்து வைத்த கால் வடிகாலில் இறங்கிற்று. உளி கையிலிருக்க, முழங்கால் காயத்தோடு, பொழுது புலரும்வரை அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். வீட்டுக்கு வந்ததும் மூன்று மின்கலங்களையும் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டார். தந்தையோ அவற்றைப் பொறுக்கியெடுத்து வெயிலில் வைத்திருந்தார்.

"மூன்றும் செத்துப் போச்சு, தம்பி. வெயிலில் வைத்தால் கொஞ்சம் உயிர் வரும்," என்றார் பெரியவர்.

என் பையில் மின்கலச் சோதனைக் கருவி ஒன்று இருந்தது. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். முதலாவது மின்கலத்திற்கு ஊசி பச்சைப் பகுதியில் நின்றது. இரண்டாவதற்கும் அவ்வாறே. மூன்றாவதற்கு மட்டும் ஊசி சிவப்பைத் தாண்டவில்லை.

"ஒன்று செத்ததற்காகவா மூன்றையும் எறிந்தான்?" என்று வியந்தார் அவர்.

பெரியவர் கேட்ட இக்கேள்வியே இன்றைய பாடத்திற்கு அடிப்படை. மின்கலம் நல்லதா, கெட்டதா என்பதைக் கண்ணால் பார்த்து அறிய இயலாது. அறியாமையால் நாம் இருவகைப் பிழை செய்கிறோம். உயிருள்ள மின்கலத்தை எறிந்து பணத்தை இழக்கிறோம். உயிரற்ற மின்கலத்தை நம்பி இருளில் செல்கிறோம். சில ரிங்கிட் விலையில் கிடைக்கும் ஒரு சிறிய கருவி இவ்விரு பிழைகளையும் தவிர்க்க உதவும்.

மின்கலம் என்பது யாது?

நாம் பேட்டரி என்று வழங்கும் மின்கலத்தினுள் மின்சாரம் அடைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சிலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. அதனுள் இருப்பவை இரசாயனப் பொருள்களே. விளக்கை ஏற்றும்போது அவை ஒன்றோடொன்று வினைபுரிந்து மின்சாரத்தைத் தருகின்றன.

1866இல் லெக்லாஞ்சே என்னும் பிரெஞ்சுக்காரர் கண்ணாடிச் சாடியில் நீர்மம் ஊற்றிய மின்கலத்தை அமைத்தார். 1886இல் கார்ல் காஸ்னர் என்னும் செர்மானியர், நீர்மத்திற்குப் பதிலாகப் பசை போன்ற கலவையைப் பயன்படுத்தி, சாய்த்தாலும் கவிழ்த்தாலும் சிந்தாத உலர் மின்கலத்தை உருவாக்கினார். கைவிளக்கும் பின்னாளில் கையடக்க வானொலியும் வீட்டுக்கு வீடு வர வழிவகுத்தது இந்த உலர் மின்கலமே.

இதன் வெளிக்கூடு துத்தநாகத்தால் ஆனது. நடுவே கரிக்கோல் ஒன்று நிற்கும். பயன்படுத்தப் பயன்படுத்தத் துத்தநாகம் கரைந்துகொண்டே வரும். ஆல்கலைன் எனப்படும் வகையில் துத்தநாகம் தூளாக உள்ளே நிரப்பப்பட்டிருக்கும். அதனால் அது கூடுதல் மின்னோட்டத்தை நெடுநேரம் தர வல்லது. விலையும் சற்று அதிகம். இவ்விரு வகையிலும் புதிய மின்கலத்தின் மின்னழுத்தம் ஏறக்குறைய 1.5 வோல்ட் ஆகும்.

சும்மா இருக்கும்போது அளந்தால் போதாதா?

இதுவே இப்பாடத்தின் முக்கியமான பகுதி. ஓய்வாக நாற்காலியில் அமர்ந்திருக்கும் இருவரைப் பார்த்து, எவர் வலியவர் என்று கூற முடியாது. இருவர் தோளிலும் காண்டாக் கம்பை வைத்து, இரண்டு வாளிப் பாலைச் சுமந்து மேடு ஏறச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும். மின்கலமும் அப்படித்தான். சுமை ஏற்றிப் பார்த்தாலன்றி அதன் வலிமை விளங்காது.

காரணம் இதுதான். ஒவ்வொரு மின்கலத்துள்ளும் மின்னோட்டத்தைத் தடுக்கும் உள்தடை என்பது ஒன்று உண்டு. புதிய மின்கலத்தில் அது மிகச் சிறியது. மின்கலம் தேயத் தேய அது பெருகும். மின்னோட்டம் ஓடாதபோது இந்த உள்தடை வெளிப்படுவதில்லை. ஓடத் தொடங்கியதும் மின்னழுத்தத்தில் ஒரு பகுதியை அதுவே விழுங்கிவிடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நல்ல மின்கலம் ஒன்றின் மின்னழுத்தம் 1.5 வோல்ட், உள்தடை 0.3 ஓம் எனக் கொள்வோம். தேய்ந்த மின்கலம் ஒன்றின் மின்னழுத்தம் 1.4 வோல்ட், உள்தடை 2 ஓம் எனக் கொள்வோம். சும்மா இருக்கும்போது இரண்டிற்குமிடையே 0.1 வோல்ட் வேறுபாடுதான். இப்போது விளக்கு 0.3 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. நல்ல மின்கலம் இழப்பது 0.3ஐ 0.3ஆல் பெருக்கிய 0.09 வோல்ட், மிஞ்சுவது 1.41 வோல்ட். தேய்ந்த மின்கலம் இழப்பது 0.3ஐ 2ஆல் பெருக்கிய 0.6 வோல்ட், மிஞ்சுவது 0.8 வோல்ட் மட்டுமே. ஏறத்தாழ ஒத்த வலிமை உடையவைபோல் தோன்றிய இரண்டில் ஒன்று, சுமை ஏறியதும் துவண்டுவிட்டது.

விளக்கை அணைத்துச் சிறிது நேரம் கழித்து மீண்டும் ஏற்றினால் சற்றுப் பிரகாசமாக எரிவதை நாம் கண்டிருக்கிறோம். ஓய்வில் மின்கலம் ஓரளவு தேறிக்கொள்வதே அதற்குக் காரணம். அந்த வெளிச்சம் நெடுநேரம் நிலைக்காது. வீட்டு வாசலில் ஏற்றிப் பார்த்து, "நன்றாகத்தான் எரிகிறது" என்று கிளம்பியவர்கள் நிரையின் நடுவே ஏமாறுவது இதனால்தான்.

கருவியின் அமைப்பு

கைக்கடக்கமான பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. அதில் ஊசி ஆடும் முகப்பு. பக்கத்தில் இழுத்தால் நீளும் கை. முகப்பில் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று நிறங்கள் இருக்கும். இந்த ஊசி வகைக் கருவிக்கெனத் தனியாக மின்கலம் வேண்டியதில்லை. சோதிக்கப்படும் மின்கலமே ஊசியை அசைக்கிறது. கருவியினுள் உள்ள சிறிய மின்தடையே நாம் மேலே கூறிய சுமை. ஊசிக்குப் பதிலாக எண்ணைக் காட்டும் வகையும் கடைகளில் உண்டு.

சோதிக்கும் முறை

1. மின்கலத்தை விளக்கிலிருந்தோ வானொலியிலிருந்தோ வெளியே எடுக்கவும். இரு முனைகளையும் உலர்ந்த துணியால் துடைக்கவும். அழுக்கும் ஈரமும் இருப்பின் நல்ல மின்கலமும் கெட்டதுபோல் தோன்றும்.

2. கூட்டல் குறியும் கழித்தல் குறியும் கருவியில் எங்கு உள்ளன என்று பார்க்கவும். மின்கலத்தின் குமிழ் உள்ள முனை கூட்டல் குறியைச் சேர வேண்டும். மாற்றி வைத்தால் ஊசி நகராது. அல்லது எதிர்ப்புறம் முட்டும்.

3. நீளும் கையை இழுத்து மின்கலத்தை இடையில் பொருத்தவும். சதுர வடிவ 9 வோல்ட் மின்கலத்திற்கென உள்ள இரு உலோகத் தகடுகள் வேறு. அதன் இரு முனைகளையும் அவற்றின் மீது தொட்டுப் பிடிக்க வேண்டும். முகப்பில் 1.5 வோல்ட்டுக்கு உரிய கோடு எது, 9 வோல்ட்டுக்கு உரிய கோடு எது என்பதைக் குழப்பிக்கொள்ளலாகாது.

4. மூன்று அல்லது நான்கு விநாடிகள் ஊசியைக் கவனிக்கவும். ஏறி நின்ற இடத்திலேயே நின்றால் மின்கலம் உறுதியானது. ஏறிய ஊசி மெல்ல மெல்ல இறங்கினால், அது பச்சையில் இருந்தாலும், மின்கலம் தளர்ந்து வருகிறது என்று பொருள்.

5. பார்த்து முடித்ததும் உடனே எடுத்துவிடவும். சோதனையும் ஒரு செலவுதான். கருவியிலேயே விட்டுவைத்தால் மின்கலம் தேய்ந்துகொண்டே இருக்கும்.

6. ஒரு தொகுதியில் எத்தனை மின்கலங்கள் உள்ளனவோ அத்தனையையும் தனித்தனியே சோதிக்கவும். புந்தோங் பெரியவர் வீட்டில் நாம் கண்டதுபோல், பழுது ஒன்றில் மட்டும் இருக்கலாம்.

மூன்று நிறம், மூன்று டின்

சோதித்த மின்கலங்களை மூன்று பழைய பால் டின்களில் பிரித்து வைப்பது எளிய வழி. உலோக டின்னாயின் உள்ளே அட்டையோ துணியோ விரிக்க வேண்டும்.

பச்சை: நெற்றி விளக்கு, கைவிளக்கு, குழந்தைகளின் விசைப் பொம்மை போன்ற மின்னோட்டம் அதிகம் இழுக்கும் பொருள்களுக்கு உரியவை.

மஞ்சள்: சுவர்க் கடிகாரம், தொலைக்காட்சியின் தொலையியக்கி போன்ற மிகக் குறைந்த மின்னோட்டம் போதுமான பொருள்களுக்கு உரியவை. விளக்கிற்கு உதவாத மின்கலம் கடிகாரத்தைப் பல வாரங்கள் ஓட்டக்கூடும். ஆயினும் நீண்ட நாள் மறந்துவிடாமல் இடையிடையே பார்த்துவர வேண்டும்.

சிவப்பு: அப்புறப்படுத்த வேண்டியவை. "இருக்கட்டும்" என்று மேசை அறையில் போட்டு வைப்பது வீண் ஆபத்தைத் தேடுவதாகும்.

ஒன்று மட்டும் கெட்டிருந்தால் அந்த ஒன்றை மாற்றினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். அவ்வாறு புதியதையும் பழையதையும் கலத்தல் தவறு. வரிசையாக இணைக்கப்பட்ட மின்கலங்களில் ஒரே மின்னோட்டம் எல்லாவற்றின் வழியாகவும் ஓடுகிறது. வலுவிழந்தது முதலில் தீர்ந்துவிடும். தீர்ந்த பின்னும் மற்றவை அதன் வழியே மின்னோட்டத்தைச் செலுத்திக்கொண்டே இருக்கும். அப்போது அதனுள் வாயு உண்டாகி, அழுத்தம் பெருகி, இரசாயனம் வெளியே கசியும். ஆல்கலைன் மின்கலத்திலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரப் பொருள். அது விளக்கின் உலோகத் தகடுகளை அரித்துவிடும். தோலிலும் கண்ணிலும் பட்டால் புண்ணாக்கும்.

ஆகவே, இருளில் செல்வோரின் விளக்கிற்கு ஒரே வகை, ஒரே நாளில் வாங்கிய புதிய மின்கலங்களை முழுத் தொகுதியாகப் போடுங்கள். எடுத்தவற்றுள் உயிர் உள்ளவற்றை வேறு வேலைக்கு மாற்றுங்கள். எதையும் வீணாக்கவும் வேண்டாம். விளக்கில் சிக்கனம் பார்த்து உடலுக்கு ஊறு தேடவும் வேண்டாம்.

கசிவு ஏற்பட்டுவிட்டால் வெறுங்கையால் தொடாமல், கையுறையோ பிளாஸ்டிக் பையோ அணிந்து எடுக்கவும். ஆல்கலைன் கசிவின் வெள்ளைப் படிவின் மீது வினிகர் அல்லது எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, பின் ஈரத் துணியால் ஒற்றி, நன்கு உலரவிடவும்.

கருவி தவறாகக் காட்டும் இடங்கள்

எக்கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. அதை அறிந்து பயன்படுத்துவதே அறிவுடைமை.

மின்னேற்றிப் பயன்படுத்தும் நிக்கல் மின்கலங்களின் இயல்பான மின்னழுத்தம் 1.2 வோல்ட்தான். முழுதாக மின்னேற்றிய பின்னும் ஊசி மஞ்சளில் நிற்கக்கூடும். அதைக் கெட்டது என்று தள்ளிவிடாதீர்கள். மின்னேற்றிய மறுநாள் ஊசி எங்கு நிற்கிறது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, பின்னர் அதனோடு ஒப்பிடுங்கள்.

நாணய வடிவிலான லித்தியம் மின்கலங்களின் மின்னழுத்தம் 3 வோல்ட். கருவியில் 3 வோல்ட்டுக்கென இடம் குறிக்கப்பட்டிருந்தாலன்றி அவற்றைச் சோதிக்க வேண்டாம். இந்நாளைய நெற்றி விளக்குகள் பலவற்றில் உள்ள லித்தியம் அயன் மின்கலத்தின் மின்னழுத்தம் 3.7 வோல்ட் அளவினது. அதை 1.5 வோல்ட் இடத்தில் வைத்தால் எப்போதும் பச்சையைத் தாண்டியே காட்டும், கருவியும் பழுதாகலாம். இவ்வகை விளக்கை உடையோர் முந்திய நாளே முழுதாக மின்னேற்றி, இரவில் சில நிமிடங்கள் எரியவிட்டுப் பார்ப்பதே தக்க சோதனை.

வழக்கத்தில் உள்ள வேறு சோதனைகள்

வெயிலில் வைத்தால் மின்கலம் உயிர் பெறும் என்பது நம் முன்னோரிடமிருந்து வந்த வழக்கம். சூடு ஏறும்போது உள்ளே இரசாயன வினை சற்று விரைவுபடுவது உண்மையே. ஆனால், கரைந்துபோன துத்தநாகம் வெயிலால் திரும்பி வருவதில்லை. கிடைப்பது சிறிது நேரப் பயன். வருவது கசிவு அபாயம். கல்லால் தட்டுவதும் பல்லால் கடிப்பதும் கூட்டைச் சிதைக்குமேயன்றி வலிமை தாரா.

மின்கலத்தைத் தரையில் செங்குத்தாகப் போட்டு, துள்ளினால் தீர்ந்தது, துள்ளாவிட்டால் புதியது என்று கூறுவாரும் உளர். ஆல்கலைன் வகையில் இதற்கு ஓரளவு பொருள் உண்டு. துத்தநாகம் துத்தநாக ஆக்சைடாக மாறும்போது உட்பொருள் இறுகுவதால் துள்ளல் மிகுகிறது. 2015இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனை ஆராய்ந்து, ஏறக்குறையப் பாதி வலிமை இருக்கும்போதே துள்ளல் தன் உச்ச அளவை எட்டிவிடுகிறது என்று கண்டனர். ஆக, துள்ளும் மின்கலம் புதியதன்று என்று சொல்லலாமே தவிர, தீர்ந்தது என்று சொல்ல இயலாது.

9 வோல்ட் மின்கலத்தை நாக்கில் வைத்துப் பார்க்கும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். குழந்தைகள் அதைப் பார்த்துப் பழகுவர். அம்மின்கலத்தைச் சில்லறைக் காசுகளோடு சட்டைப்பையில் போடுவதும் தவறு. இரு முனைகளையும் காசு இணைத்துவிட்டால் அது கடுமையாகச் சூடேறும்.

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை

பொத்தான் மின்கலங்கள் பளபளப்பானவை. குழந்தையின் வாயில் எளிதில் நுழைபவை. விழுங்கப்பட்ட மின்கலம் உணவுக்குழாயில் சிக்கினால், அதிலிருந்து ஓடும் மின்னோட்டம் அவ்விடத்தில் காரத்தை உண்டாக்கி, 2 மணி நேரத்திற்குள்ளாகவே கடும் புண்ணை ஏற்படுத்தலாம். கருவியில் சிவப்பைக் காட்டும் தீர்ந்த மின்கலமும் இத்தீங்கைச் செய்ய வல்லது. சோதனை செய்யும்போது இவற்றை மேசையில் பரப்பி வைத்துவிட்டு அப்பால் செல்லலாகாது. குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் தோன்றினாலே போதும். வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். 999 என்ற எண்ணை அழைத்தும் உதவி கோரலாம். மின்கலம் வந்த அட்டை இருப்பின் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

தீர்ந்த மின்கலங்களைத் தீயில் எறியாதீர்கள், அவை வெடிக்கக்கூடும். ஓடையிலும் கிணற்றருகிலும் போடாதீர்கள். கூட்டல் முனையில் ஒட்டுத்தாள் ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து, பட்டணம் செல்லும்போது மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். நிக்கல் காட்மியம், பாதரசம், லித்தியம் அடங்கிய மின்கலங்கள் 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் ஒழுங்குவிதிகளில் தனிக் கவனத்துக்குரிய கழிவுகளாகப் பட்டியலிடப்பட்டுள்ளன.

முடிவாக

பால்மரம் விடியலின் குளிர்ச்சியிலேதான் நன்கு பால் தரும். ஆதலால், இருளில் நிரைக்குச் செல்வது இத்தொழிலின் இயல்பு. உளியைத் தீட்டி வைப்பதுபோல் விளக்கையும் முந்திய இரவே ஆயத்தப்படுத்துவது நம் கடமை. வாரம் ஒரு முறை மின்கலங்களைச் சோதித்து வாருங்கள். சோதித்த உதிரித் தொகுதி ஒன்றை ஈரம் புகாத சிறு டப்பாவில் உடன் எடுத்துச் செல்லுங்கள். பத்து வீட்டார் சேர்ந்து ஒரு கருவியை வாங்கிப் பொதுவில் வைத்துக்கொண்டாலும் போதுமானது.

நான் விடைபெற்றபோது, புந்தோங் பெரியவர் பச்சை காட்டிய இரண்டையும் உள்ளே எடுத்துச் சென்று ஓடாதிருந்த சுவர்க் கடிகாரத்தில் ஒன்றைப் போட்டார், கடிகாரம் ஓடியது. மகனுடைய விளக்கிற்குப் புதிய மின்கலங்கள் மூன்று வாங்கி வரப் பேரனைக் கடைக்கு அனுப்பினார். "இரண்டு தொகுதியாக வாங்கி வா, ஐயா. ஒன்று விளக்குக்கு, ஒன்று அப்பா பைக்கு," என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினார்.

பயிற்சி வினாக்கள்

1. மின்கலத்தைச் சுமை ஏற்றிச் சோதிக்க வேண்டியது ஏன்?

2. ஊசி பச்சையில் நின்று மெல்ல இறங்கினால் அதன் பொருள் என்ன?

3. புதிய மின்கலத்தையும் பழையதையும் ஒரே விளக்கில் போட்டால் என்ன நேரும்?

4. 1.2 வோல்ட் மின்னேற்று மின்கலம் மஞ்சளைக் காட்டினால் அதைத் தள்ளிவிடலாமா?

5. உங்கள் வீட்டில் உள்ள மின்கலங்கள் அனைத்தையும் இன்றிரவு எண்ணிப் பாருங்கள். அவற்றுள் எத்தனை உயிருள்ளவை என்று உங்களால் உறுதியாகக் கூற முடியுமா?